கூட்டமைப்புத் தேர்தலில் யாருக்கு ஓட்டு? வேட்பாளரின் நடுக்காலத்தைப் பாருங்கள்

கேள்வி: தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பு ஒன்றின் பொதுக்குழுவில் எங்கள் மாநிலச் சங்கத்துக்கு வாக்கு இருக்கிறது. தலைவர் பதவிக்கு ஒரு முன்னாள் சர்வதேச வீரர், ஒரு தொழிலதிபர், ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் என மூன்று பேர் நிற்கிறார்கள். "வீரருக்குத்தான் போடணும்" என்கிறது எங்கள் செயற்குழுவில் ஒரு பாதி. "வீரரை வைத்து ஸ்பான்சர் வருமா, டெல்லியில் வேலை நடக்குமா" என்கிறது மறுபாதி. வேட்பாளர்களின் பின்னணியை எப்படி எடைபோடுவது, எதை எங்கே சரிபார்ப்பது?

பதில்: வீரரா, அரசியல்வாதியா என்று பிரிப்பதே இன்றைய நிலவரத்துக்குப் பொருந்தவில்லை. ஹாக்கி இந்தியாவின் தலைவராக 2022-இல் வந்த திலீப் திர்க்கி மூன்று ஒலிம்பிக்கில் ஆடியவர், மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தவர். அதே ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரான பி.டி. உஷா, அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டிருந்தார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 2022 தேர்தலில் மோதிய கல்யாண் சௌபே, பாய்ச்சுங் பூட்டியா இருவருமே முன்னாள் கால்பந்து வீரர்கள். இருவருமே கட்சிச் சின்னத்தில் மக்களவைத் தேர்தலில் நின்று தோற்றவர்கள்.

அந்தத் தேர்தலின் முடிவு 33-1. இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான பூட்டியாவுக்குக் கிடைத்தது அந்த ஒற்றை ஓட்டு. போட்டவர்கள் ரசிகர்கள் அல்ல, உங்களைப் போன்ற மாநிலச் சங்கங்கள். மைதானத்தில் சம்பாதித்த பெயர் பொதுக்குழுவில் தானாக ஓட்டாக மாறாது. ஜெயித்த பிறகு நிர்வாகம் செய்யவும் அது தானாகக் கைகொடுக்காது.

ஆகவே நான் முதலில் பார்க்கச் சொல்வது நடுக்காலம்: ஆட்டத்திலிருந்தோ தொழிலிலிருந்தோ அரசியலிலிருந்தோ வெளியே வந்ததற்கும் இந்த நாற்காலிக்கு நிற்பதற்கும் இடையில் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார்? செபாஸ்டியன் கோ 2015-இல் உலகத் தடகள அமைப்பின் தலைவரானபோது ஓட்டப் பந்தயத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. இடையில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஏற்பாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். நீச்சலில் ஏழு ஒலிம்பிக் பதக்கம் வென்ற கிர்ஸ்டி கவென்ட்ரி, சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வீரர்கள் ஆணையத்தை நடத்தினார், ஜிம்பாப்வேயில் விளையாட்டு அமைச்சராக இருந்தார். 2025-இல் அந்தக் குழுவின் தலைவராகத் தேர்வானதெல்லாம் அதன் பிறகுதான். ரோஜர் பின்னி கிரிக்கெட் வாரியத் தலைவராவதற்கு முன் தேசியத் தேர்வாளர், கர்நாடகச் சங்கத் தலைவர் என்று படியேறினார். உங்கள் முன்னாள் வீரருக்கு இப்படி ஒரு படியாவது இருக்கிறதா? ஓய்வு பெற்ற நாள் முதல் வேட்புமனு நாள் வரை பரிசளிப்பு விழாவும் டி.வி. விவாதமும் மட்டும்தான் என்றால் யோசியுங்கள்.

நடுக்காலம் இருந்தாலும் போதாது, குழுவும் வேண்டும். இந்திய ஒலிம்பிக் சங்கத்தில் 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தலைமைச் செயல் அதிகாரி நியமனத்தை நிர்வாகக் குழுவின் பெரும்பான்மை ஏற்கவில்லை. தலைவர் ஒரு பக்கம், குழு ஒரு பக்கம் என்று நின்ற இழுபறி 2025-இல்தான் தீர்ந்தது. தலைவரை மட்டும் பார்த்து ஓட்டுப் போட்டு, செயலரையும் உறுப்பினர்களையும் "யாரோ வரட்டும்" என்று விட்டால் இப்படித்தான் முடியும்.

செயலர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பொதுவாகத் தலைவர் மேடையில் இருப்பார், கூட்டமைப்பு செயலரின் மேசையில் இருக்கும். போட்டிக்கான பெயர்ப்பதிவு, தேர்வுச் சுற்றுத் தேதி, வயதுச் சான்று, மத்திய விளையாட்டு அமைச்சகத்துக்குப் போகும் ஆண்டுப் பயிற்சி மற்றும் போட்டி அட்டவணை எல்லாம் அங்கேதான். அரசு மானியம் செலவானதும், மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (ஜி.எஃப்.ஆர்.) உள்ள 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அது போகாவிட்டால் அடுத்த தவணைப் பணம் நின்றுவிடும். முகாம் தள்ளிப்போகும், ஜூனியர் பிள்ளைகள் சொந்தக் காசில் டிக்கெட் எடுப்பார்கள். செயலர் வேட்பாளரிடம் பதக்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர் பொறுப்பில் இருந்த மாநிலச் சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். அதை எடுத்துத் தர எத்தனை நாள் ஆகிறது என்பதே பாதி விடை.

இனி ஆவணங்கள். முதலில் தகுதி. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின் வரைகோடு இது: தலைவர், பொதுச் செயலர், பொருளாளர் பதவிக்கு நிற்பவர் சிறந்த தகுதி பெற்ற விளையாட்டு வீரராக இருக்க வேண்டும், அல்லது தேசிய நிர்வாகக் குழுவில் முன்பு இருந்திருக்க வேண்டும், அல்லது இணைப்புச் சங்கத்தில் இந்த மூன்று பதவிகளில் ஒன்றை வகித்திருக்க வேண்டும். வயது வரம்பு 70. சர்வதேசக் கூட்டமைப்பின் விதி இடம் கொடுத்தால் 75 வரை போகலாம். தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் கூடாது. நிர்வாகக் குழுவில் அதிகபட்சம் 15 பேர், அதில் குறைந்தது நான்கு பெண்கள், இரண்டு சிறந்த வீரர்கள். உங்கள் கூட்டமைப்பின் துணைவிதிகள் இதற்கேற்பத் திருத்தப்பட்டுவிட்டனவா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் தொழிலதிபர் வீரராகவோ தேசிய நிர்வாகக் குழுவிலோ இருந்ததில்லை என்றால், மாநிலச் சங்கப் பதவி வழியாகத்தான் வந்திருப்பார். எந்தச் சங்கம், எந்தத் தேதியில் பதவியேற்றார் என்று பாருங்கள். தேர்தலுக்குக் கொஞ்சம் முன்பு, தனக்குத் தொடர்பே இல்லாத மாநிலத்தில் திடீரெனத் தலைவராகியிருந்தால் அந்தப் பதவி வெறும் நுழைவுச்சீட்டு. அந்த மாநிலத்தில் எத்தனை மாவட்டங்களில் போட்டி நடந்தது என்று விசாரியுங்கள், தெரிந்துவிடும்.

தவணைக் கணக்கை அலட்சியம் செய்யாதீர்கள். கால்பந்துக் கூட்டமைப்பில் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்காமல் இழுத்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிர்வாகிகள் குழுவை அமர்த்தியது. ஆகஸ்டில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அதை வெளியார் தலையீடு என்று சொல்லி இந்தியாவை இடைநீக்கம் செய்தது. தடை இரண்டு வாரத்துக்குள் விலகியது என்றாலும், அக்டோபரில் இங்கே நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை அந்த நாட்களில் ஊசலாடியது. இன்னொரு தந்திரமும் உண்டு: மூன்று தவணை முடித்தவர் ஒதுங்கியிருக்க வேண்டிய இடைவெளித் தவணையில் மனைவியையோ மகனையோ உட்கார வைப்பது. சட்டப்படி தடுக்க முடியாமல் போகலாம், ஆனால் உங்கள் ஓட்டு உங்கள் கையில்தான் இருக்கிறது.

வீரரின் பதக்கப் பட்டியலைச் சரிபார்க்கக் கூச்சப்பட வேண்டாம். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, உலக சாம்பியன்ஷிப் முடிவுகள் பொதுவெளியில் கிடைக்கும், அர்ஜுனா விருதுப் பட்டியலும் அப்படியே. ஏமாற்றும் இடம் "சர்வதேசப் போட்டி" என்ற சொல். அழைப்புப் போட்டியும் மூத்தோர் போட்டியும், அங்கீகாரம் இல்லாத எதிர்க் கூட்டமைப்பு நடத்திய போட்டியும் அந்தச் சொல்லுக்குள் வந்து ஒளிந்துகொள்ளும். ஆண்டு, ஊர், நடத்திய அமைப்பு என்று மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

முன்னாள் சட்டமன்ற உறுப்பினரைச் சரிபார்ப்பதுதான் உண்மையில் சுலபம். வேட்புமனுவோடு தாக்கல் செய்த படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், நிலுவை வழக்குகள் எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத் தளத்தில் தேடலாம். மற்ற இருவருக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. ஆகவே இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டு வழக்குகளையும், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் எந்தெந்த நிறுவனங்களில் இயக்குநர் என்பதையும் பாருங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், தந்தை பெயரும் ஊரும் ஒத்துப்போனால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது நலன் முரணில். தனியார் அகாடமி வைத்திருக்கும் முன்னாள் வீரர் தலைவரானால், அவருடைய மாணவர்கள் தேர்வுச் சுற்றில் நிற்கும்போது யார் கேள்வி கேட்பது? தொழிலதிபரின் உறவினர் சீருடையோ விளையாட்டுச் சாமானோ விற்பவராக இருந்தால் கொள்முதல் எப்படி நடக்கும்? மூன்று பேரிடமும் ஒரே கடிதம் அனுப்புங்கள்: தானும் குடும்பத்தாரும் இந்த விளையாட்டில் வருமானம் பெறும் எல்லா வழிகளையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். மறுப்பவர் யாரென்று செயற்குழு நடவடிக்கைக் குறிப்பில் பதிந்துவையுங்கள்.

இதையெல்லாம் வேட்புமனுப் பரிசீலனைக்கு முன்பே முடித்துவிடுங்கள். தகுதியில் ஓட்டை தெரிந்தால், தேர்தல் அதிகாரி அறிவித்த ஆட்சேப நாளுக்குள், ஆவண நகலோடு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாக்குப்பதிவு முடிந்த பிறகு எழுப்பினால் வழக்கு, வாய்தா என்று இழுக்கும். அதற்குள் அந்தத் தவணையே முடிந்துவிடக்கூடும்.