வாக்குறுதி சட்டமாகிவிடாது: கடைத் திருட்டு வழக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வழக்கறிஞரும்

கேள்வி: சிகாகோவுக்கு அருகே நேப்பர்வில்லில் வசிக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். மாணவர் விசாவில் படிக்கும் என் அக்கா மகன் போன மாதம் ஷாம்பர்கில் ஒரு கடையில், தானே பில் போடும் இடத்தில் சில பொருள்களை ஸ்கேன் செய்யாமல் எடுத்து வந்ததாகக் கைதாகி, அன்றிரவே விடுவிக்கப்பட்டான். பொருளின் மதிப்பு 420 டாலர். சிகாகோ இருக்கும் குக் கவுன்ட்டியில் (மாவட்டத்தில்) 1,000 டாலருக்குக் கீழே என்றால் பெரிய வழக்கு வராது என்கிறார்கள். ‘சூப்பர்விஷன்’ வாங்கிவிட்டால் வழக்கே இல்லாமல் போய்விடும் என்கிறார் ஒரு நண்பர். நம்பலாமா? பொங்கலுக்கு ஊருக்குப் போய்வர அவனுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட 1,000 டாலர் கணக்கு ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது, ஆனால் அது சட்டமாக ஒருநாளும் இருந்ததில்லை. இல்லினாய் மாநிலச் சட்டப்படி கடைத் திருட்டு 300 டாலரைத் தாண்டினாலே ஃபெலனி எனப்படும் கடுங்குற்றம். சீர்திருத்தம் பேசித் தேர்தலில் வென்று குக் கவுன்ட்டியின் அரசு வழக்கறிஞரான கிம் ஃபாக்ஸ், 2016 டிசம்பரில், பெரிய முன்குற்றப் பட்டியல் இல்லாதவர்கள் மீது 1,000 டாலர் வரை ஃபெலனி வழக்கு வேண்டாம் என்று தம் அலுவலகத்துக்கு உத்தரவிட்டார். 2024 டிசம்பரில் அவருடைய இடத்துக்கு வந்த ஐலீன் ஓ’நீல் பர்க், வரம்பைப் பழையபடி 300 டாலருக்கே கொண்டுவந்தார். சட்டப் புத்தகத்தில் இருந்த தொகை இந்த எட்டு ஆண்டுகளில் மாறவேயில்லை. மாறியது நாற்காலியில் இருந்தவர் மட்டுமே. ஆகவே உங்கள் மருமகனின் 420 டாலர், சில ஆண்டுகளுக்கு முன் சிறு குற்றமாக முடிந்திருக்கும். இன்று இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றச்சாட்டாக வரக்கூடும். ஓர் இளைஞனின் எதிர்காலம் அவன் எந்த ஆண்டில் பிடிபட்டான் என்பதைப் பொறுத்திருப்பதை நீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வாக்காளர்கள் அளித்த அதிகாரம் அது.

நம் ஊரில் அரசு வழக்கறிஞரை அரசாங்கம் நியமிக்கிறது. இல்லினாயின் 102 கவுன்ட்டிகளிலோ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவருடைய கொள்கை அவருடைய கவுன்ட்டி எல்லையோடு முடிந்துவிடும். உங்கள் வீடு டூபேஜ் கவுன்ட்டியிலோ வில் கவுன்ட்டியிலோ இருப்பதால் பயன் ஒன்றுமில்லை. கடை குக் கவுன்ட்டியில் இருக்கிறது, வழக்கும் அங்கேதான்.

தேர்தல் என்றதும் நம்மவர்களிடையே ஒரு வகைப் பெரியமனிதர் முளைத்துவிடுகிறார். சங்க விழாவுக்கு வந்த வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்திய புகைப்படத்தைக் கைப்பேசியில் காட்டி, “நிதி திரட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள், ஒரு வார்த்தை சொன்னால் போதும்” என்பார். இரண்டாவது சந்திப்பில் தொகை சொல்வார். ஒரு காசும் கொடுக்காதீர்கள். இருப்பது ஒரு கடைத் திருட்டு வழக்கு. அதன் மேல் லஞ்ச வழக்கு ஒன்றும் வேண்டுமா? கடையின் சார்பில் சில நூறு டாலர் நட்டஈடு கேட்டுக் கடிதம் வந்தால், அதைக் கட்டியதும் குற்ற வழக்கு முடிந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். அது வேறு, இது வேறு.

இனி ‘சூப்பர்விஷன்’. குற்றச்சாட்டு சிறு குற்றமாகக் குறைக்கப்பட்டால்தான் அது கிடைக்கும். நீதிபதியின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சில மாதம் ஒழுங்காக இருந்தால் வழக்கைத் தள்ளுபடி செய்வார்கள். இல்லினாய் அதைத் தண்டனைத் தீர்ப்பாகக் கருதுவதில்லை. குடிவரவுச் சட்டமோ மத்திய அரசின் சட்டம். ஒப்புதலும் அதன்மேல் ஏதேனும் ஒரு கட்டுப்பாடும் இருந்தாலே அதன் கணக்கில் அது தண்டனைத் தீர்ப்பு. பிற்பாடு தள்ளுபடியானது அங்கே செல்லாது. உள்ளூர் வழக்கறிஞர் “ஒன்றுமே இல்லை” என்று கைகுலுக்கி அனுப்புவதும், பல ஆண்டு கழித்துப் பச்சை அட்டை நேர்காணலில் அந்த ஒன்றுமில்லாதது எழுந்து நிற்பதும் எனக்குப் பழகிப்போன காட்சி.

அப்படித் தண்டனைத் தீர்ப்பு உள்ளவருக்கு அமெரிக்காவுக்குள் நுழைவை மறுக்கும் விதிக்கு ஒரு விலக்கு உண்டு; அரைகுறையாகச் சொல்லியே பலரை மாட்டிவிடுவதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் (திருட்டும் அதில் சேரும்) வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும். அந்தக் குற்றத்துக்குச் சட்டம் விதிக்கக்கூடிய உச்ச தண்டனை ஓராண்டைத் தாண்டக்கூடாது. விதிக்கப்பட்ட சிறை ஆறு மாதத்தை மிஞ்சக்கூடாது. மூன்றும் பொருந்தினால் அந்தக் குற்றத்தைக் காட்டி நுழைவை மறுக்க இயலாது. இல்லினாயில் சிறு குற்றத்தின் உச்சம் ஓராண்டுக்கும் குறைவு, ஆகவே பொருந்தும்; ஃபெலனிக்குப் பொருந்தாது, நீதிபதி ஒருநாள்கூடச் சிறை விதிக்காவிட்டாலும் பொருந்தாது. அமெரிக்காவுக்குள் வந்து ஐந்து ஆண்டுக்குள் செய்த குற்றமாக இருந்து, ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனைக்கு இடமிருந்தால் நாடு கடத்தவும் வழியுண்டு. எந்தப் பெயரில் குற்றம் சாட்டுவது என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் எடுக்கும் முடிவின் முழு எடையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் இந்த விலக்கு விசாவைக் காப்பாற்றும் கவசமல்ல. கைது ஒன்றையே காரணம் காட்டி விசாவை ரத்து செய்யத் தூதரகத்தால் முடியும்.

சீர்திருத்தம் பேசும் அலுவலகமோ கண்டிப்பு பேசும் அலுவலகமோ, கேட்கவேண்டியது ஒன்றுதான்: நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே சேரக்கூடிய, தண்டனைக்குப் பதிலான மாற்றுத் திட்டம் (‘டைவர்ஷன்’). அதிலும் “செய்தது உண்மை” என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கும் படிவம் இருந்தால், குடிவரவு வழக்கறிஞர் பார்க்காமல் பேனாவை எடுக்கவேண்டாம். ஒப்புதலால் குடிவரவில் வரும் விளைவைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது குற்ற வழக்கறிஞரின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல், படீயா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் வழக்கறிஞரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் ஆளை மாற்றுங்கள்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். வழக்கு முடிந்து, சான்றிட்ட நீதிமன்ற நகல் கைக்கு வந்து, விசா இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரியும்வரை அவன் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. புதிய விசாவுக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால், எப்போதாவது கைதானதுண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுதவேண்டும்; பதிவை அழித்துவிட்டோம் என்று சொல்லி ‘இல்லை’ போடச் சொல்பவர் உங்கள் சித்தப்பாவாக இருந்தாலும் கேட்காதீர்கள். அக்காவிடம் பரீட்சை என்று சொல்லிச் சமாளிக்காமல், உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.