மேசையிலிருந்து சைட்டுக்கு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கோவையில் ஒரு கட்டமைப்பு ஆலோசகரிடம் 9 ஆண்டுகள் வடிவமைப்புக் கணக்குப் போட்டேன். அதன்பின் 17 ஆண்டுகளாகச் சைட்டில் நிற்கிறேன். பல்லடத்தில் நூற்பாலை, திருப்பூரில் பனியன் கம்பெனிக் கொட்டகைகள், ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விடுதி என்று ஓடிக்கொண்டிருக்கிறது. வடிவமைப்பை விட்டுக் கட்டுமான மேலாண்மைக்கு வரலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் இங்கே எழுதுகிறேன். சிலருக்கு நீளமாக வரும், சிலருக்கு ஒரு வரிதான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஈரோடு: 8 ஆண்டுகளாகக் கட்டமைப்பு வடிவமைப்பில் இருக்கிறேன். வரைபடம், கணக்கு, ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய) விதிகள் எல்லாம் அத்துப்படி. சைட்டில் புதிதாக என்ன கற்க வேண்டியிருக்கும்?

வரைபடத்தில் தூணும் பீமும் தளமும் சேர்ந்தே நிற்கின்றன. சைட்டில் அவை ஒவ்வொன்றாகத்தான் வரும். அந்த வரிசையும், வரிசைக்கு ஆகும் நாளும், நாளுக்கு ஆகும் காசும்தான் உங்கள் புதுப் பாடம்.

என் முதல் தளக் கான்கிரீட்டைச் சொல்கிறேன். பெருந்துறையில், 42 கன மீட்டர். வண்டிக்கு 6 கன மீட்டர் வீதம் 7 நடை ரெடிமிக்ஸ். கம்பி, கவர் பிளாக், சென்ட்ரிங் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். நாள்காட்டியைப் பார்க்கவில்லை. அன்று பெரிய முகூர்த்த நாள். வழியில் இருந்த மண்டபங்கள் எல்லாம் நிரம்பி, மூன்றாவது வண்டிக்கும் நான்காவது வண்டிக்கும் நடுவே சாலை அடைத்துக்கொண்டது. கலவை ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது ரெடிமிக்ஸ் விதி. வண்டி வந்தபோது அந்த நேரம் தாண்டியிருந்தது. திருப்பி அனுப்பினேன். முதலாளி முகத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அன்று என்னைக் காப்பாற்றியது பழைய மேசை வேலைதான். மேஸ்திரி, எங்கே கலவை தீர்ந்ததோ அங்கேயே, பீமை ஒட்டி நிறுத்திவிடலாம் என்றார். வெட்டுவிசை (தளத்தைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை) குறைவாக இருக்கும் இடம் பாவின், அதாவது இரண்டு தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரத்தின், நடு மூன்றில் ஒரு பங்கு என்பது எனக்குத் தெரியும். போட்ட கான்கிரீட் இறுகுவதற்குள் ஓரத்தை இழுத்து நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்தினோம். மறுநாள் கொத்திவிட்டு, கழுவிவிட்டு, மீதியைப் போட்டோம். எந்த விதியை வளைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்தவன் சைட்டில் அபூர்வம். நீங்கள் எடுத்துக்கொண்டு வரும் சீர்வரிசை அதுதான்.

நாள்காட்டியைப் பற்றி இன்னொன்று. பங்குனியில் பண்ணாரி குண்டம் என்றால் சத்தியமங்கலம் பக்கத்து ஆட்கள் வரமாட்டார்கள். பெருமாநல்லூர் குண்டத்துக்கும் அப்படித்தான். தீபாவளி முடிந்த கையோடு சத் பூஜைக்குப் பீகார் ஆட்கள் ரயில் ஏறிவிடுவார்கள். எந்த மென்பொருளும் இதைத் தானாகச் சொல்லாது.

கடைசியாக, இந்தப் பக்கத்தில் நீங்கள் பலமுறை கேட்கப்போவது: அளந்து பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அலுவலகத்தில் தப்பாகப் போட்ட கணக்கை மறுநாள் திருத்தலாம். முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் விழுந்த கையெழுத்து பணமாக மாறிப் போய்விடும்.

திருப்பூர்: பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் வாங்கினால் மேலாளர் வேலை கிடைக்குமா?

பொறியியல் பட்டதாரி அந்தத் தேர்வை எழுத, திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்ட வேண்டும். மேசையில் மட்டுமே இருந்தவருக்கு அந்த 36 மாதம் எங்கிருந்து வரும்? முதலில் சைட், பிறகு சான்றிதழ்.

கோவை: பம்பு தொழிற்சாலையில் இயந்திர வடிவமைப்பாளர். நானும் கட்டுமானத்துக்கு வரலாமா?

வரலாம். ஆனால் சிவில் ஆட்களோடு கான்கிரீட்டில் போட்டி போடாதீர்கள். ஆலைக் கட்டுமானத்தில் காற்றழுத்தக் குழாய், ஈரப்பதக் கருவிகள், தீயணைப்புக் குழாய், தண்ணீர் ஏற்றும் அமைப்பு என்று பாதி வேலை இயந்திரவியல்தான். தளம் போட்ட பிறகு குழாய்க்காக ஓட்டை துளைப்பதுதான் அங்கே பெரிய சண்டை. கம்பி கட்டும்போதே ஸ்லீவ் (குழாய் நுழைய வழிவிடும் உறை) வைக்கச் சொல்லும் ஆளாக நீங்கள் இருந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

சேலம்: பி.எம்.பி. நல்லதா, புனே நிக்மாரில் படிப்பது நல்லதா?

பி.எம்.பி.க்கு மேலே பதில் இருக்கிறது. நிக்மார் 1983 முதல் கட்டுமான மேலாண்மையைக் கற்பிக்கும் நிறுவனம். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வசதி இருந்தால், பெரிய நிறுவனங்களின் திட்டமிடல் பிரிவுக்குள் நுழைய உதவும். இங்கே உள்ளூரில் ஆலை கட்டும் ஒப்பந்தக்காரர் உங்கள் பட்டத்தைப் பார்க்கமாட்டார். செருப்பில் சிமென்ட் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்.

பீளமேடு: 6 ஆண்டுகள் வடிவமைப்பில் இருக்கும் பெண் நான். வீட்டில் சைட் வேண்டாம் என்கிறார்கள். நிறுவனமோ திட்டமிடல் பிரிவில் உட்காரச் சொல்கிறது. என்ன செய்யலாம்?

அம்மிணி, வீட்டுக்காரர்கள் பயப்படுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரவு கான்கிரீட் உண்டு, பல சைட்டுகளில் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை கிடையாது. சேரும் முன்பே அதைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கேட்டால் முகம் சுளிக்கும் நிறுவனம் மற்ற விஷயங்களிலும் சுளிக்கும்.

நிறுவனம் சொல்வதில்தான் எனக்குச் சந்தேகம். பெண்களை பில் போடவும் அட்டவணை தட்டவும் உட்காரவைத்துவிட்டு, 5 ஆண்டு கழித்து "உங்களுக்குச் சைட் அனுபவம் இல்லையே" என்று பதவி உயர்வை மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். திட்டமிடல் நல்ல வேலைதான். ஆனால் வாரத்தில் இத்தனை நாள் சைட் என்று பணி ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். தரக்கட்டுப்பாட்டில் தொடங்குவது இன்னும் நல்லது. மேலே சொன்ன 42 கன மீட்டருக்கு எத்தனை மாதிரி எடுக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான விதி ஐ.எஸ். 456 சொல்கிறது: நான்கு. ஒவ்வொன்றுக்கும், வலுவைச் சோதிக்க, மூன்று கான்கிரீட் கட்டிகள். ஊற்றும் இடத்தில் நின்றால்தான் அந்தக் கட்டி உண்மையான கட்டி.

தாராபுரம்: நான் ஒப்பந்தக்காரர். கேள்வி இல்லை, புகார். வடிவமைப்பு ஆட்கள் சைட்டுக்கு வந்தாலே தொல்லை. ஒருவர் வந்து, தூண் ரிங்கின் (நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) கொக்கியை 135 டிகிரிக்கு வளைக்கவில்லை என்று ஒரு நாள் வேலையை நிறுத்தினார். 90 டிகிரி போதாதா? இந்தப் பக்கம் என்ன பூகம்பமா வரப்போகிறது?

வந்திருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அன்று கோவையில், ரிக்டர் அளவில் சுமார் 6. நம் கட்டடங்களை மூன்றாம் நிலநடுக்க மண்டலக் கணக்கில்தான் வடிவமைத்து வருகிறோம். அந்த மண்டலத்துக்குப் பூகம்பத்தைத் தாங்கக் கம்பி கட்டும் விதி ஐ.எஸ். 13920 பொருந்தும், அது 135 டிகிரி என்கிறது.

காரணம் எளியது. தூண் குலுங்கும்போது முதலில் ரிங்குக்கு வெளியே உள்ள மேல்பூச்சுக் கான்கிரீட் உதிரும். 90 டிகிரிக் கொக்கி அந்த உதிரும் பகுதியில்தான் படுத்திருக்கிறது. பூச்சு போனதும் அது திறந்துகொள்ளும், ரிங் விரியும், நெடுக்குக் கம்பி வெளிப்பக்கம் பிதுங்கும். 135 டிகிரி என்றால் முனை உள்ளே, இறுகிய கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும். கூடுதல் செலவு, ஒரு கொக்கிக்குச் சில சென்டிமீட்டர் கம்பி.

வந்தவர் மீதும் தப்பு உண்டு. முதல் ரிங் வளையும்போதே வளைக்கும் மேசைக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். கம்பிக் கூடு முழுவதும் கட்டிய பிறகு வந்து நிறுத்துவது அதிகாரம் காட்டுவது.

தாராபுரம், மீண்டும்: தாளில் எழுதுவது சுலபம். தூணும் பீமும் சேரும் மூலையில் அந்தக் கொக்கி இருந்தால் பீம் கம்பியே நுழையாது. கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி எங்கே இறங்கும்?

இது நியாயமான கேள்வி. கொக்கி மட்டும் காரணமில்லை, அங்கே கம்பி எண்ணிக்கையே அதிகம். பல வரைபடங்களில் நான்கு பக்கப் பீம் கம்பிகளையும் கோடாகத்தான் போடுகிறார்கள். உண்மை விட்டத்தில் வரைந்து பார்த்தால் இடமே இருக்காது. எண்ணிக்கையைக் குறைத்துத் தடிமனைக் கூட்டலாம். ரிங்கின் கொக்கி ஒரே மூலையில் வராமல் மாற்றி மாற்றி வைக்கலாம். அந்த இடத்துக்கு மட்டும் 20 மி.மீ. ஜல்லிக்குப் பதில் 12 மி.மீ. ஜல்லியில் தனிக் கலவை கேட்கலாம். எல்லாமே வடிவமைப்பாளரைக் கேட்டு, எழுத்தில் வாங்கி. அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது அவருக்கும் பொருந்தும்.

கரூர்: நான் வடிவமைப்பாளர். படத்தில் இருப்பதைச் செய்வதுதான் சைட்டின் வேலை. இடமில்லை என்பது சோம்பேறித்தனம்.

40 மி.மீ. ஊசியை 25 மி.மீ. இடைவெளியில் இறக்கிக் காட்டுங்கள். நானே பஸ் ஏறிக் கரூர் வந்து பார்க்கிறேன். உங்களைப் போன்றவர்கள்தான் முதலில் ஆறு மாதம் சைட்டுக்கு வர வேண்டும், வேலை மாறாவிட்டாலும்.

தாராபுரம், மூன்றாம் முறை: என் அப்பா 40 ஆண்டுகள் கட்டினார். ஒரு கட்டடமும் விழவில்லை.

மகிழ்ச்சி. 1900க்குப் பிறகு அந்த அளவில் அதிரவும் இல்லை. கொக்கிப் பேச்சு இத்துடன் முடிந்தது, இனி எழுதினால் பதில் வராது.

நாமக்கல்: அண்ணா, பி.எம்.பி...

திருப்பூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

உடுமலைப்பேட்டை: பி.இ.பி. கொட்டகைகளை (ஆலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் இரும்புக் கொட்டகைகள்) வடிவமைக்கிறேன். அவற்றைத் தூக்கி நிறுத்தும் வேலைக்கு மேலாளராக அழைக்கிறார்கள். எதில் கவனம் தேவை?

ஆடியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்னவென்று உடுமலைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஊர் காற்றாலைகளே சொல்லும். முடிந்த கட்டடத்துக்குக் கோவையின் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர் என்று எடுத்துக் கணக்குப் போடுவீர்கள். பாதி நிற்கும் கட்டடத்துக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை. குறுக்குப் பிடிப்பு உள்ள கட்டத்தை, அதாவது பிடிப்போடு இணைந்த இரண்டு சட்டங்களைத்தான், முதலில் நிறுத்த வேண்டும். அது தானாக நின்ற பிறகு மற்ற சட்டங்களை ஒவ்வொன்றாக அதில் சாய்த்துக் கட்ட வேண்டும். கிரேன் வாடகை ஏறுகிறதே என்று அவசரப்பட்டு, பிடிப்பே இல்லாமல் நான்கு சட்டங்களை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் உண்டு.

கூரைத் தகட்டுக்கும் ஒரு கணக்கு. காற்று வினாடிக்கு 10 மீட்டர் வீசினாலே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ அழுத்தம். 6 சதுர மீட்டர் தகட்டில் 36 கிலோ. கூரை மேல் நிற்கும் இரண்டு பையன்களை அது தள்ளிவிடும். காலை பத்து மணிக்குள் தகட்டு வேலையை முடித்து, மிச்சத் தகடுகளைக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்கச் சொல்லுங்கள். முதலாளி திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி: 1200 சதுர அடி வீடு கட்ட எவ்வளவு ஆகும்?

உங்கள் ஊர்ப் பொறியாளரைக் கேளுங்கள். இது வேறு கடை.

கோபி: சைட் வேலைக்குப் போனால் பெண் கொடுப்பார்களா?

எனக்குக் கொடுத்தார்கள். அப்போது நான் மேசையில் இருந்தேன்.

மேட்டுப்பாளையம்: எக்செல் போதுமா, பிரைமவேரா கற்க வேண்டுமா?

மென்பொருள் இரண்டு வாரத்தில் வரும். எது முடிந்தால் எது தொடங்கும் என்பதுதான் வராது. ஒரு சோதனை வைக்கிறேன். ஐ.எஸ். 456 படி, சாதாரண சிமென்ட்டில், 4.5 மீட்டர் வரை பாவுள்ள தளத்துக்கு, கீழிருந்து தாங்கும் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும். பீமுக்கு 6 மீட்டர் வரை 14, தாண்டினால் 21. ஒரே ஒரு செட் முட்டுதான் கையில் இருக்கிறது. அடுத்த தளத்தை எப்போது போடுவீர்கள்? மேல்தளத்தின் ஈரக் கான்கிரீட் எடையைக் கீழே எது தாங்கும்? இதைக் காகிதத்தில் போட்டுவிட்டால் பிறகு எந்த மென்பொருளும் உங்களுக்குக் கைப்பிள்ளை.

காங்கேயம்: சின்ன ஒப்பந்தக்காரர் ஒருவர் திட்ட மேலாளர் என்று பதவி தருகிறார். சம்பளத்தில் பாதி பில் வந்த பிறகுதான் என்கிறார். சேரலாமா?

வேண்டாம். பில் தாமதமாவது அவர் தொழிலின் இயல்பு. முன்பணம் கழித்து, பிடித்தம் கழித்து, அளவில் தகராறு வந்து, கடைசியில் வருவது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பாரத்தை உங்கள் தலையில் ஏற்றுகிறார். தன் சம்பளம் பில்லில் தொங்கும்போது அளவைக் கூட்டி எழுதக் கை நீளும், அதற்குத்தான் அந்த ஏற்பாடு. அளந்து பார்க்காததற்கு... மூன்றாம் முறை எழுதவில்லை, உங்களுக்கே தெரியும்.

பல்லடம்: துபாய்க்குப் போனால்?

அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள்.

தாராபுரம், நான்காம் முறை: பதில் வராது என்றீர்கள். ஆனாலும் கேட்கிறேன். 8 மி.மீ. ரிங்குக்குக் கொக்கிக்கு அப்புறம் எவ்வளவு நீட்ட வேண்டும்?

விட்டத்தைப் போல் 6 மடங்கு, ஆனால் 65 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 8 மி.மீ.க்கு 6 மடங்கு 48தான் வரும், ஆகவே 65. வளைக்கும் மேசையில் அந்த அளவில் ஓர் ஆணி அடித்து வைத்துவிடுங்கள்.