கேளுங்கள், சொல்கிறோம்: கடைவாசல் காருக்கா, காலுக்கா?

கேள்வி: செக்காலை ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கடைவாசலில் கார் நிறுத்த விடக்கூடாது, அகலமாக நடைபாதை போட வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். வியாபாரம் படுத்துவிடாதா?
- வாசகர், காரைக்குடி

பதில்: முதல் போட்டவருக்கு இந்தப் பயம் நியாயம்தான். ஆனால் சாயங்காலம் கல்லாவை விட்டு எழுந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், பஸ்ஸில் இறங்கி நடந்து வருகிறவர்களும் டூவீலரில் வருகிறவர்களும்தான் கூட்டம். ஒரு கார் நிற்கிற இடத்தில் நாலு டூவீலர் நிற்கும். கையில் பையும் இடுப்பில் பிள்ளையுமாக வருகிற பெண், நிற்கிற காரைச் சுற்றி ரோட்டில் இறங்க, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்க, அவர் எங்கே உங்கள் ஷோகேஸைப் பார்ப்பார்?

எதிர்ப்பு எல்லா ஊரிலும் வந்ததுதான். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையை 2009-ல் கார்களுக்கு மூடியபோது முதலில் வெள்ளோட்டமாகத்தான் செய்தார்கள், சாதாரண மடக்கு நாற்காலிகளைப் போட்டு. 2010-ல் நிரந்தரமாக்கினார்கள். சென்னை பாண்டி பஜாரும் 2019-லிருந்து அகல நடைபாதையோடுதான் வியாபாரம் செய்கிறது. பாரிஸில் இன்னும் 500 தெருக்களில் காரை எடுத்துவிடலாமா என்று 2025 மார்ச்சில் வாக்கெடுப்பு வைத்தார்கள்; ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சரி என்றார்கள், ஆனால் ஓட்டுப் போட வந்ததே நூற்றுக்கு நாலு பேர்தான். நடக்கிறவர்கள் மனசுக்குள் ஆதரிப்பார்கள், கார் வைத்திருப்பவர் நேரே கவுன்சிலர் வீட்டுக்கே போய்விடுவார். அரசியல் அங்கேதான் இருக்கிறது.

கொப்புடையம்மன் தேர் வருகிற நாளில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் நம் ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லையே. அப்படி ஒரு மாதம், மாலையில் மட்டும், செய்து பார்க்கலாம். கல்லாக் கணக்கை எழுதி வையுங்கள். குறைந்தால் அந்த நோட்டோடு மாநகராட்சிக்குப் போங்கள், நானும் கூட வருகிறேன்.

கேள்வி: நடைபாதை வந்தால் முதலில் விரட்டப்படுவது பூக்காரம்மாதானே?
- வாசகி, தேவகோட்டை

பதில்: பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, பெரிய அநியாயம் அது. நாள் முழுக்க நிற்கிற கார் யார் கண்ணையும் உறுத்துவதில்லை, ஒரு பூக்கூடை உறுத்துகிறது. 2014-ம் வருடத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, ஊரில் அமைக்கிற விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் அந்த வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் எழுப்பவும் கூடாது. அதனால் டெண்டர் விடுவதற்கு முன்பே, வரைபடத்தில் பூக்காரம்மா உட்காரும் இடம் எங்கே என்று கேளுங்கள்.