வேலிப் பொட்டு

அன்புள்ள ரீச்சர்,

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பிள்ளை. அம்மா உங்களிடம் கணக்குப் படித்தவ. இப்போது பின்லாந்தில், தம்பேரே நகரத்தில் முதுகலை படிக்கிறேன், இரண்டாம் வருடம்.

இங்கே சாப்பாடுதான் முதல் பிரச்சினை. பகல் பதினொரு மணிக்கே மதியச் சாப்பாடு தொடங்கிவிடும். மாணவர் உணவகத்துக்கு அரசாங்கம் ஒரு பங்கு காசு கொடுப்பதால் மலிவு. ஆனால் எல்லாவற்றிலும் உப்பு மட்டும்தான். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். வளர்ந்த ஆண்கள் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் பால் வைத்துக் குடிக்கிறார்கள், சிரிப்பாக இருக்கும். நான் மிளகாய்த்தூள் போத்தலைப் பையில் கொண்டு திரிகிறேன். சல்மியாக்கி என்று ஒரு கறுப்பு இனிப்புத் தந்தார்கள், வாயில் வைத்த உடனே துப்பிவிட்டேன். ஆகஸ்டில் காட்டுக்குப் பெர்ரி பிடுங்கக் கூட்டிப்போனார்கள். யாருடைய காடு என்று கேட்டேன். தெரியாது என்று சிரித்தார்கள். யாராவது தடியோடு வருவார்கள் என்று எனக்கு ஒரே பயம்.

விளையாட்டு என்றால் இவர்களுக்கு ஐஸ் ஹொக்கிப் பைத்தியம். கோடையில் பெசபல்லோ என்று ஒரு மட்டைப்பந்து விளையாட்டு, நம்முடைய எல்லே மாதிரி. என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு விளையாட வராது, படம் எடுத்துக் கொடுத்தேன்.

வருகிற மார்ச்சில் ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளும் ஒரு சாப்பாடு செய்து, ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒடியற்கூழும், கோடு தாண்டி ஓடுகிற கிளித்தட்டும் என்று பெயர் கொடுத்துவிட்டேன். கிளித்தட்டு விதிகளைத் தேடினால் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள். சரியான விதி எது? அம்மாவைக் கேட்டால் மறந்துபோச்சு என்கிறா. போன் வந்து நம்முடைய பாரம்பரிய விளையாட்டுகள் எல்லாம் அழிந்துகொண்டு வருகின்றன. அவற்றைப் பாதுகாக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

– ஒரு வாசகி, தம்பேரே

அன்புள்ள பிள்ளை,

உம்முடைய கடிதம் வந்த அன்று பக்கத்து வளவில் மதிலுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். விடிய ஆறு மணிக்குச் சீமெந்துக் கல் ஏற்றிய லாண்ட்மாஸ்ரர் உழவுயந்திரம் ஒழுங்கைக்குள் வந்து, திரும்ப இடமில்லாமல் பின்னுக்கு எடுத்து, என் கேற்றில் நீளமாக ஒரு கீறல் போட்டுவிட்டுப் போனது. அந்தக் கோபத்தோடுதான் வாசித்தேன். ஏச்சுக் கொஞ்சம் கூடுதலாக விழுந்தால் அதில் பாதியை லாண்ட்மாஸ்ரரின் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

மிளகாய்த்தூள் போத்தல் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஐஸ் ஹொக்கி பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, அதையும் விடுவோம். ஆனால் பால் குடிக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்தீரே, அதை விட மாட்டேன். நாங்கள் மூன்று கரண்டி சீனி போட்டு ஒரு நாளைக்கு ஐந்து தரம் தேத்தண்ணி குடித்து, ஐம்பது வயதில் சலரோகக் கிளினிக்கில் வரிசையில் நிற்கிற சனம். அவர்களோ, எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதியச் சாப்பாடு என்று சட்டம் போட்டது 1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோது. 1948இல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. நீர் இன்றைக்கு மலிவாகச் சாப்பிடுவதும் அதன் தொடர்ச்சிதான். வாயைக் கொஞ்சம் பார்த்துத் திறவும்.

சல்மியாக்கி என்று நீர் துப்பியது என்ன தெரியுமா? அதிமதுரமும் நவச்சாரமும். அவர்கள் அமோனியம் குளோரைட் என்பதற்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் நவச்சாரம். என் சின்ன வயதில் ஈயம் பூசுகிறவர் எங்கள் முற்றத்தில் துருத்தி வைத்துப் பித்தளைச் சட்டியைச் சுட்டு, அந்த வெள்ளைத் தூளை உள்ளே தூவித் துணியால் ஒரு இழுப்பு இழுப்பார். குப்பென்று புகை கிளம்பும், மூக்கு எரியும், நாங்கள் தும்மிக்கொண்டே கிட்டப் போவோம். அதை இனிப்பாக்கித் தின்கிற சனத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. உம்முடைய கூழை அவர்கள் துப்பினால் நீரும் முகத்தை நீட்டக்கூடாது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றும். இரண்டு மூன்று தரம். அவசரப்பட்டால் கசப்பு நிற்கும், பிறகு இறாலைக் கொட்டியும் பயனில்லை.

சரி, பெர்ரிக்கு வருவோம். நீர் நாலு வரியில் தாண்டிப் போன அந்த இடத்தில்தான் நான் மூன்று நாளாக நிற்கிறேன். யாருடைய காடாக இருந்தாலும் யாரும் நடக்கலாம், பெர்ரி பிடுங்கலாம், காளான் எடுக்கலாம். வீட்டு முற்றத்துக்குள் போகக்கூடாது, பயிரை மிதிக்கக்கூடாது, மரத்தை முறிக்கக்கூடாது, அவ்வளவுதான். எல்லாருக்கும் உள்ள உரிமை என்று அங்கே அதற்குப் பெயர். ஒரு முழ நிலத்துக்கு இருபது வருசம் கோட்டுக்கு ஏறுகிற ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தடியோடு ஆள் வரும் என்று பயம் வந்தது நியாயந்தான். ஆனால் இந்த ஊரிலும் காணி வைத்திருந்தவர் தன்பாட்டில் இருந்துவிட முடியாது. ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த தேசவழமையை, யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டத்தைப் பாரும். காணி விற்பதென்றால் உரித்தாளிக்கும் பங்காளிக்கும் மட்டுமில்லை, எல்லைக் காணிக்காரருக்கும் அப்போது முதலில் அறிவிக்க வேண்டியிருந்தது. அயலைக் கேட்காமல் எதையும் செய்ய முடியாத ஊர்.

பொட்டு என்றால் உமக்குத் தெரியுமோ தெரியாது. நெற்றியில் வைப்பதில்லை. கிடுகு வேலியில் இரண்டு கதியாலுக்கு நடுவில், ஓலையை ஒதுக்கி, ஆள் குனிந்து போகிற அளவுக்கு விட்ட வழி. படலையால் வருகிறவருக்குக் கதிரை போட வேண்டும். பொட்டால் வருகிறவர் நேரே குசினிக்கு வந்து, பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார். எங்கள் பொட்டில் ஒரு பூவரசங் கதியால் இடுப்பு உயரத்தில் மட்டும் பட்டை உரிந்து வழவழவென்று இருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி குனியும்போது பிடிக்கிற இடம். வருசா வருசம் வேலி அடைக்க ஆள் வந்தால் அப்பா சொல்கிற முதல் வார்த்தை, "பொட்டை விட்டு அடை."

வேலி ஏதோ புண்ணியத் தலம் என்று நான் சொல்லவில்லை. இரவோடு இரவாகக் கதியாலை அரை அடி தள்ளி நட்டவர்களை எனக்குத் தெரியும். எங்கள் பொட்டால் எல்லாரும் வரவும் இல்லை. யார் வரலாம், யார் படலைக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும் என்று சாதி ஒரு கணக்கு வைத்திருந்தது. அந்தக் கணக்கை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

உம்முடைய கிளித்தட்டு அந்தப் பொட்டால்தான் வந்தது. 1990க்குப் பிறகு போரால் இங்கே கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. நிலவு நாளில் அந்த விளக்கையும் நூர்த்துவிட்டு எல்லாரும் எங்கள் வளவுக்கு வருவார்கள். அடுப்புச் சாம்பலால் கோடு. நிலவில் சாம்பல் எவ்வளவு வெள்ளையாகத் தெரியும் என்று கண்டவருக்குத்தான் தெரியும். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது, பகலில் ரீச்சர், இரவில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தட்டுப் பாய்வேன். ஆச்சி வெற்றிலையும் பாக்குரலுமாக விறாந்தைப் படியில் இருந்து தீர்ப்புச் சொல்வா. கண் சரியாகத் தெரியாது, ஆனால் அவ சொன்னால் சொன்னதுதான். பொம்மர் சத்தம் கேட்டால் எல்லாரும் பங்கருக்குள். சத்தம் போனதும் திரும்பி வந்து, யார் எந்தப் பெட்டியில் நின்றது என்று அதற்கொரு சண்டை. விடிந்தால் விறாந்தை முழுக்கச் சாம்பல் கால்கள். அம்மா கூட்டிக்கொண்டே ஏசுவா.

1995 ஒக்டோபரில் ஊரே எழும்பிப் போனது. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது வேலி இல்லை, யாரோ விறகுக்கு எடுத்திருந்தார்கள். பிறகு பாதை திறந்தது, சீமெந்து வந்தது, வெளிநாட்டுக் காசும் வந்தது. மதிலும் வந்தது. மதிலில் பொட்டு விட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தம்பி கனடாவில் இருந்து காசு அனுப்பினான், ஆறடி மதில் கட்டி மேலே போத்தல் ஓடும் பதித்தேன். பொட்டு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. ஆச்சி செத்த வீட்டுக்கு நான் ஒழுங்கையைச் சுற்றி முன் கேற்றால் போனேன், கதிரை போட்டார்கள்.

போன் விளையாட்டை அழித்தது என்று இனி எனக்கு எழுதாதேயும். போன் வரும்போது இங்கே அழிக்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. கிளித்தட்டுக்கு ஆறு பேராவது வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் சேர வேண்டும். மதிலுக்குள் இரண்டு பிள்ளைகள். நாலு மணிக்கு ரியூசன், ஆறு மணிக்கு இன்னொரு ரியூசன். அந்த இரண்டு பிள்ளையும் போனைப் பார்க்காமல் மதிலையா பார்க்கும்?

பாதுகாப்பது என்று கேட்டீர். அதைத்தானே வருசப்பிறப்புக்கு வருசப்பிறப்பு ஒலிபெருக்கி கட்டிச் செய்கிறோம். பிரதம விருந்தினர், மாலை, முட்டி உடைத்தல், தலையணைச் சண்டை, கிடுகு பின்னும் போட்டி. ஊரில் ஒரு கிடுகு வேலி இல்லை, கிடுகு பின்னுவதற்குப் போட்டி மட்டும் இருக்கிறது.

நீர் எல்லே மாதிரி என்று ஒரு சொல்லில் முடித்த பெசபல்லோவை நான் தேடி வாசித்தேன். லௌரி பிஹ்காலா என்ற மனிதர் 1920களில் உருவாக்கியது. பழைய நாட்டுப்புறப் பந்து விளையாட்டுகளையும் அமெரிக்காவில் பார்த்த பேஸ்போலையும் போட்டுப் பிசைந்திருக்கிறார். படைப் பயிற்சிக்கும் உதவும் என்பது அவருடைய கணக்கு, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் பழையதை அலுமாரியில் வைத்துப் பூட்டவில்லை, பிய்த்துப் புதிதாகத் தைத்தார். பந்து போடுகிறவர் அடிக்கிறவருக்குப் பக்கத்திலேயே நின்று நேரே மேலே எறிகிறார். ஓட்டம் கோணல்மாணலாகப் போகிறது. அணியை நடத்துகிறவர் பல நிற விசிறியை விரித்துச் சைகை காட்டுகிறார். எங்கள் ஆச்சிக்கு அந்த விசிறி கிடைத்திருந்தால்! அவுட் ஆனால் எரிந்தது என்கிறார்கள். அடித்த பந்தை நிலத்தில் படாமல் பிடித்தால் ஓடினவருக்குக் காயம் மட்டும். வெளியே வர வேண்டும், ஆனால் அவுட் கணக்கில் சேராது. இதை 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உலகத்துக்கு விளையாடியும் காட்டினார்கள்.

இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் நடக்க, உள்ளே வா என்று கூப்பிட, நீர் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்! "எனக்கு விளையாட வராது." யார் சொன்னது? ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை 2009இலும் 2018இலும் வென்ற இலங்கை அணியில் கோலடித்த தர்ஜினி சிவலிங்கம் எந்த ஊர்? யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வராது என்பதை நீராகக் கண்டுபிடிக்கவில்லை, உமக்குச் சொல்லித் தந்திருக்கிறோம்.

சொல்லித் தந்தவர்களில் நானும் ஒருத்தி. சோதனை வருகிறது, பாடம் முடியவில்லை என்று உடற்கல்விப் பாடவேளையைக் கேட்டு வாங்கிக் கணக்குப் படிப்பித்திருக்கிறேன். ஒரு தரம் இரண்டு தரமில்லை, வருசக்கணக்காக. உம்முடைய அம்மாவின் வகுப்பும் அதில் அடக்கம். அந்தப் பிள்ளைகள் ஜன்னலால் மைதானத்தைப் பார்த்தால் சோக்குத் துண்டால் எறிவேன். நல்ல பெறுபேறு வந்தது, பாராட்டும் கிடைத்தது. எத்தனை பேரை இப்படி மதிலுக்கு உள்ளே வைத்து அடைத்தேன் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு மறந்துபோச்சாம். அவவும் அந்தப் பொட்டால் வந்தவதான், கொக்குவிலுக்குக் கலியாணம் செய்து போகமுன். அவ கிளியாக நின்றா என்றால் நடுக்கோட்டைத் தாண்ட நாங்கள் நடுங்குவோம். திரும்பக் கேளும். ரீச்சர் சொன்னவ என்று சொல்லும்.

விதி கேட்டீர். எங்கள் வளவில் இதுதான். ஏணி மாதிரிக் கோடு, நடுவில் நெட்டுக்கு ஒன்று. குறுக்குக் கோட்டுக்கு ஒருவர் மறிக்க, அவர் தன் கோட்டைவிட்டு அசையக்கூடாது. கிளி மட்டும் நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடி அடிக்கலாம். போகும்போது காய், கடைசிவரை போய்த் திரும்பினால் பழம். எத்தனை கோடு? வந்த ஆட்களைப் பொறுத்தது. ஆறு பேர் வந்தால் சின்னத் தட்டு, பன்னிரண்டு பேர் வந்தால் பெரிய தட்டு. அடுத்த ஒழுங்கையில் இதையே வேறு மாதிரி விளையாடினார்கள், அவர்களும் சரிதான். சந்தேகம் வந்தால் படியில் ஒரு வயதான மனுசியை இருத்திக் கேளும்.

மார்ச்சிலும் அங்கே பனி கிடக்கும் அல்லவா? சாம்பல் தேடி அலைய வேண்டாம், சப்பாத்துக் காலால் இழுத்தாலே கோடு விழும். கிளியாக நீர் நில்லும். படம் எடுக்க வேறு ஆளைப் பிடியும்.

அன்புடன்,
ரீச்சர்