நார் நாராகப் பிரியும் புல்ட் போர்க்: ஸ்லோ குக்கர் கேள்வி பதில்

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் விறகுக் கனலில் பல மணி நேரம் வேகவைத்து, நார் நாராகப் பிய்க்கிற பன்றித் தோள்கறிதான் புல்ட் போர்க். அதை வீட்டில் ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரம்) செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். அளவுகள் எல்லாம் 2 கிலோ கறிக்கு, 6 குவார்ட் (சுமார் 5.7 லிட்டர்) குக்கருக்கு.

கேள்வி: அக்கா, கடையில ஷோல்டர், பாஸ்டன் பட், பிக்னிக், லாய்ன்னு ஏகப்பட்ட பேர் இருக்கு. எதை வாங்கணும்?

பாஸ்டன் பட் வாங்குங்கள். அது தோளின் மேல்பகுதி. கொழுப்பு கறிக்குள்ளேயே இழையோடியிருக்கும், சவ்வும் நிறைய. இந்தச் சமையலுக்கு வேண்டியதே அதுதான். பிக்னிக் என்பது தோளின் கீழ்ப்பகுதி. முன்னங்கால் பக்கம் என்பதால் பெரும்பாலும் தோலோடு வரும். விலை குறைவு, கழிவு அதிகம். தோலை உரித்துவிட்டால் தாராளமாகச் செய்யலாம்.

லாய்ன் மட்டும் வேண்டாம். கொழுப்பும் சவ்வும் இல்லாத கறி அது. உள்சூடு 63 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்து, மூன்று நிமிடம் ஆறவிட்டு, துண்டு போட்டுச் சாப்பிட வேண்டியது. அதை எட்டு மணி நேரம் வேகவைத்தால் எவ்வளவு சாஸ் ஊற்றினாலும் தொண்டையில் இறங்காது.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். உப்புக்கரைசல் ஏற்றிய கறி என்றால் அதில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டதற்கு நான் கீழே சொல்லும் உப்பில் பாதி போதும்.

எலும்போடு 2 கிலோ வாங்கினால், வெந்து பிய்த்த பிறகு ஒரு கிலோ சொச்சம் கிடைக்கும். பன்னில் வைத்துக் கொடுக்க எட்டு முதல் பத்துப் பேருக்குக் காணும்.

கேள்வி: முழு செய்முறையையும் அளவோட சொல்லுங்க.

முதல் நாள் இரவே மசாலா தடவிவிடுங்கள். பிரவுன் சுகர் 2 டேபிள்ஸ்பூன், பாப்ரிகா 2 டேபிள்ஸ்பூன் (அதில் பாதி ஸ்மோக்டு பாப்ரிகாவாக இருக்கட்டும்), மிளகுத்தூள் 2 டீஸ்பூன், பூண்டுப் பொடி 2 டீஸ்பூன், வெங்காயப் பொடி 2 டீஸ்பூன், சீரகத்தூள் 1 டீஸ்பூன், கடுகுப் பொடி 1 டீஸ்பூன், காயென் மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், உப்பு 20 கிராம். பாப்ரிகா இல்லையென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 டேபிள்ஸ்பூன் போடலாம்; அப்போது காயெனை விட்டுவிடுங்கள்.

உப்பைத் தராசில் நிறுத்துப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் கோஷர் உப்பில் சில வகைகள் அதில் பாதி எடைகூட வராது. ஸ்பூன் கணக்கை நம்பினால் ஒருமுறை கரிக்கும், மறுமுறை சப்பென்று இருக்கும்.

மேலே தடிப்பாக இருக்கும் கொழுப்பை அரை சென்டிமீட்டர் கனம் விட்டு மீதியைச் சீவி எடுங்கள். கறியை இரண்டு பெரிய துண்டாக வெட்டுங்கள். எலும்பு இருந்தால் அது ஒரு துண்டோடு போகட்டும். மசாலாவை எல்லாப் பக்கமும் அழுத்தித் தடவி, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். கறியைக் குக்கரின் பீங்கான் பாத்திரத்திலேயே போட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். பாத்திரம் சில்லிட்டுப்போனால் அது சூடேறுவதற்கே நேரம் பிடிக்கும். திடீரென்று சூடு பட்டு விரிசல் விடவும் கூடும்.

காலையில் இரண்டு பெரிய வெங்காயத்தைத் தடித்த வளையங்களாக நறுக்கிப் பாத்திரத்தின் அடியில் பரப்பி, நாலைந்து பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள். ஆப்பிள் சைடர் வினிகர் கால் கப், தண்ணீர் கால் கப் ஊற்றுங்கள். கறியைக் கொழுப்புப் பக்கம் மேலே பார்க்க வைத்து மூடுங்கள். லோவில் 8 முதல் 10 மணி நேரம், ஹையில் 5 முதல் 6 மணி நேரம்.

கேள்வி: அரை கப் தண்ணி பத்துமா? அடிபிடிக்காதா? நான் கறி முங்குற அளவுக்கு ஊத்தினேன், சூப் மாதிரி ஆயிடுச்சு.

பிடிக்காது. மூடிய பாத்திரத்திலிருந்து ஆவி வெளியே போவதில்லை. மூடியில் பட்டு மறுபடி உள்ளேயே சொட்டும். அதோடு கறியே நீர் விடும். சமைத்து முடிக்கும்போது அடியில் இரண்டு கப்புக்கு மேல் சாறு நிற்பதைப் பார்ப்பீர்கள். முங்க முங்க ஊற்றினால் உப்பும் மசாலாவும் தண்ணீரில் கரைந்து போய்விடும். கறி வேகும், ருசி இருக்காது.

இப்போது சூப்பாக இருப்பதையும் சரிசெய்யலாம். கறியை வெளியே எடுத்துவிட்டு, சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை அகற்றி, அகலமான வாணலியில் கொதிக்கவைத்து மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவிடுங்கள். சுண்டச் சுண்ட உப்பு ஏறும். அதனால் ருசி பார்த்தபடியே சுண்டவிட்டு, வேண்டிய அளவு மட்டும் கறியில் சேருங்கள்.

கேள்வி: லோவில் சரியா எட்டு மணி நேரம் வெச்சேன். ஃபோர்க்கால பிய்க்க வரலை, ரப்பர் மாதிரி இழுக்குது. அதிகமா வெந்துடுச்சா?

இல்லை, இன்னும் வேகவில்லை. அதிகம் வரும் சந்தேகம் இதுதான். கறி கெட்டியாக இருப்பதைப் பார்த்து, அதிகமாக வெந்துவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். தோள்கறியில் அது நேர்மாறு.

தோள், ஓயாமல் உழைக்கிற தசை. நார்களைக் கட்டிப் பிடித்திருப்பது கொலாஜன் என்னும் புரதம் நிறைந்த சவ்வு. சூடு ஏறும்போது முதலில் நார்கள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றும். உள்சூடு 65, 70 டிகிரியில் இருக்கும்போது ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால் வெந்திருக்கும், ஆனால் விறைப்பாக இருக்கும். அதற்கு மேல்தான் கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். 80 டிகிரியைத் தாண்டியதும் அந்த வேலை வேகமெடுக்கும். 93 முதல் 96 டிகிரிக்குள் வந்தால் நார்கள் தானாகப் பிரியும். ஜெலட்டின் நார்களைச் சுற்றிப் படிவதால்தான், நீர் வெளியேறிய கறியும் வாயில் ஈரமாகத் தெரிகிறது.

ஆகவே கடிகாரம் சொல்வது தோராயக் கணக்குதான். தெர்மாமீட்டர் இருந்தால் எலும்பில் படாமல் நடுப்பகுதியில் குத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் ஃபோர்க்கைக் குத்தித் திருகுங்கள். எதிர்ப்பே இல்லாமல் திரும்ப வேண்டும். தட்டை எலும்பைப் பிடித்து இழுத்தால், கறி ஒட்டாமல் சுத்தமாக உருவி வர வேண்டும். வரவில்லையா, மூடிவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள்.

ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் ஏறக்குறைய அரை மணி நேரச் சூடு போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முதல் ஆறு மணி நேரம் திறக்கவே வேண்டாம்.

கேள்வி: லோ நல்லதா, ஹை நல்லதா?

நேரம் இருந்தால் லோ. பெரும்பாலான குக்கர்களில் இரண்டும் கடைசியில் போய் நிற்கும் சூடு ஏறக்குறைய ஒன்றே, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. ஹை அங்கே சீக்கிரம் போய்ச்சேரும், அவ்வளவுதான். வெளிப்பக்கமும் உள்பக்கமும் சீராக வேகுவது லோவில்.

குக்கர் பழசாகிவிட்டதோ என்று சந்தேகமாக இருந்தால் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, லோவில் எட்டு மணி நேரம் வைத்து, மூடியைத் திறந்த உடனே சூட்டை அளந்து பாருங்கள். 85 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தக் குக்கரில் கறி சமைக்காதீர்கள்.

கேள்வி: காலையில ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பணும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்து அப்படியே போட்டுட்டுப் போகலாமா? இல்ல டைமர் வெச்சு மதியம் ஆன் ஆகுற மாதிரி பண்ணலாமா?

இரண்டுமே கூடாது. கிருமி பெருகும் சூடு 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது. உறைந்த கட்டியாகப் போட்டால் கறி அந்த இடைவெளியிலேயே வெகுநேரம் கிடக்கும். டைமர் வைத்தால் பச்சைக்கறி அறைச் சூட்டில் பல மணி நேரம் கிடக்கும். 2 கிலோ கட்டி ஃபிரிட்ஜில் இளக முழுதாக ஒரு நாள் ஆகும். சனிக்கிழமை சமைக்க, வியாழன் இரவே கீழே இறக்கி வைத்துவிடுங்கள். வெள்ளி இரவு மசாலா தடவலாம்.

வேலை நாளில் செய்வதானால் ஏழு மணிக்கு லோவில் போட்டு, தானாக வார்ம் நிலைக்கு மாறும்படி வைத்துவிட்டுப் போகலாம். வெந்த கறி அதில் ஓரிரு மணி நேரம் இருந்தால் ஒன்றும் ஆகாது.

நீங்கள் இல்லாதபோது கரன்ட் போய்வந்து, எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால், கறி வெந்ததுபோல் தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: வட கரோலினாவில் இருக்கேன். ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடுத்தேன், "நல்லா இருக்கு, ஆனா இது பார்பிக்யூ இல்லை"ன்னுட்டாங்க. என்ன குறை?

அவர்கள் சொன்னது நியாயம். அங்கே பார்பிக்யூ என்றால் விறகுக் கனலில் வெந்த பன்றி. மாநிலத்தின் கிழக்கே முழுப் பன்றியையும் போடுவார்கள், வினிகரும் மிளகாயும் கலந்த சாஸ். மேற்கே லெக்சிங்டன் பக்கம் தோள்கறி மட்டும், அந்த வினிகரில் கொஞ்சம் கெச்சப் சேரும். தெற்குக் கரோலினாவில் ஒரு பகுதிக்குக் கடுகு சாஸ். சாஸில் எவ்வளவு சண்டை இருந்தாலும் விறகுப் புகை வேண்டும் என்பதில் பழைய கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே கட்சி.

ஸ்லோ குக்கரில் இல்லாதவை இரண்டு: புகை, அப்புறம் கறியின் மேல் கருத்து மொறுமொறுப்பாகப் படியும் பட்டை. புகைக்கு ஸ்மோக்டு பாப்ரிகா பாதி வேலை செய்யும். மீதிக்கு லிக்விட் ஸ்மோக் 1 டீஸ்பூன். அது உண்மையான விறகுப் புகையைக் குளிரவைத்துப் பிடித்த திரவம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் 2 டீஸ்பூன் போனால் மருந்து வாடை வந்துவிடும்.

பட்டை உருவாகக் கறியின் மேற்பரப்பு காய வேண்டும், நல்ல சூடும் வேண்டும். ஆவி நிறைந்த பாத்திரத்தில் அது நடக்காது. பிய்த்த கறியை பேக்கிங் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, சுண்டிய சாற்றை அரை கப் தெளித்து, ஓவனில் பிராய்லருக்கு (மேலிருந்து சூடு தரும் பகுதி) கீழே 4 நிமிடம் வையுங்கள். ஓரங்கள் கருகும் பதத்துக்கு வரும். கிளறிவிட்டு இன்னும் 3 நிமிடம். பக்கத்திலேயே நில்லுங்கள், பிரவுன் சுகர் இருப்பதால் ஒரு நிமிடத்தில் தீய்ந்துவிடும். சமைக்கும் முன்பு வாணலியில் வதக்குவதைவிட இந்தக் கடைசி ஏழு நிமிடம் அதிக ருசி தரும் என்பது என் கருத்து. முன்பே வதக்கிய பட்டை எட்டு மணி நேர ஆவியில் ஊறி மெத்தென்று ஆகிவிடுகிறது.

கேள்வி: சாஸை முதல்லயே ஊத்தலாமா?

வேண்டாம். கடை சாஸில் சர்க்கரை அதிகம். நாள் முழுக்க வெந்தால் ஓரங்களில் தீயும், கறி விடும் நீரில் கரைந்து நீர்த்தும் போகும். பிய்த்த பிறகு ஒரு கப் கலந்தால் போதும், மீதியை மேசையில் வையுங்கள்.

கிழக்குக் கரோலினா முறையில் வேண்டுமென்றால் அடுப்பே தேவையில்லை. ஆப்பிள் சைடர் வினிகர் 1 கப், பிரவுன் சுகர் 1 டேபிள்ஸ்பூன், கொரகொரப்பாகப் பொடித்த காய்ந்த மிளகாய் 2 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன். பாட்டிலில் போட்டுக் குலுக்கி ஒரு நாள் ஊறவையுங்கள். கொழுப்புள்ள கறிக்கு இந்தப் புளிப்பைப்போல் ஒத்துப்போவது வேறில்லை. கன்சாஸ் சிட்டி பக்கத்து இனிப்பு சாஸ் பிடிக்குமென்றால் கெச்சப் 1 கப், வினிகர் கால் கப், பிரவுன் சுகர் கால் கப், மொலாசஸ் 2 டேபிள்ஸ்பூன், வூஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன் சேர்த்து 15 நிமிடம் சிறு தீயில் வையுங்கள்.

கேள்வி: எனக்குக் கூழ் மாதிரி ஆயிடுது.

பன்னிரண்டு மணி நேரம் விட்டிருப்பீர்கள், அல்லது சின்னத் துண்டாக வெட்டியிருப்பீர்கள், அல்லது மிக்ஸர் பீட்டரால் பிய்த்திருப்பீர்கள். வெந்ததும் தட்டில் எடுத்து 20 நிமிடம் ஆறவிட்டு, இரண்டு ஃபோர்க்கால் விரல் தடிமன் இழைகளாகப் பிரியுங்கள். சாஸில் கிளறும்போது அது இன்னும் உடையும். பிய்க்கும்போதே வழுவழுப்பான கொழுப்புக் கட்டிகளையும் தேடி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எலும்புக்குப் பக்கத்துல சிவப்பா இருந்துச்சு.

உள்சூடு 90ஐத் தாண்டியிருந்தால் கவலை வேண்டாம். நிறத்தை வைத்து வேகாத கறி என்று முடிவு கட்ட முடியாது, தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

கேள்வி: மிச்சத்தை எப்படி வைக்கிறது?

சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். ஆழமான பாத்திரத்தில் குவித்தால் நடுவில் சூடு அடங்காது, தட்டையான டப்பாக்களில் பிரித்து வையுங்கள். நாலு நாள் வரை தாங்கும். ஃப்ரீசரில் வைப்பதானால் சாற்றில் கொஞ்சம் ஊற்றி, காற்றை வெளியேற்றிப் பையில் கட்டுங்கள். மூன்று மாதம் வரை ருசி குறையாது. சூடாக்க ஸ்லோ குக்கர் வேண்டாம், அது மிக மெதுவாகச் சூடேற்றும். வாணலியில் இரண்டு ஸ்பூன் சாறு விட்டு மூடி, 74 டிகிரி வரை சூடாக்குங்கள்.

கேள்வி: கறியோடவே ராஜ்மாவையும் ஊறவெச்சுப் போட்டா ஒரே வேலையா முடிஞ்சிடுமே?

கட்டாயம் கூடாது. பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்னும் நச்சுப் பொருள் இருக்கிறது. கொதிக்கிற சூடு இருந்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் சூடு அதற்குப் போதாமல் போகலாம். நாலைந்து பயறு தின்றாலே வாந்தியும் பேதியும் வரக்கூடும். ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அப்படியும் வினிகரும் சர்க்கரையும் இருக்கும் பாத்திரத்தில் பயறு சீக்கிரம் மசியாது. ஆகவே பிரஷர் குக்கரில் தனியாக வேகவைத்து, பிய்த்த கறியோடு கடைசி அரை மணி நேரத்தில் சேருங்கள்.