நவாஹோ கம்பளங்களின் நிறமெல்லாம் செடிகளிலிருந்து வந்ததா?

அமெரிக்கத் தென்மேற்கின் பூர்வகுடிகளான நவாஹோக்களின் பழைய நெசவு முழுக்கச் செடிச் சாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 19ஆம் நூற்றாண்டுப் போர்வைகளில் வெள்ளையும் பழுப்பும் ஆட்டு ரோமத்தின் சொந்த நிறம். நீலம், வியாபாரிகள் கொண்டுவந்த அவுரி. சிவப்பு பெரும்பாலும் விலைக்கு வாங்கிய சிவப்புத் துணியைப் பிரித்தெடுத்த நூல். செடியிலிருந்து கிடைத்தது முக்கியமாக மஞ்சள்தான். இன்று நாம் ரசிக்கும் செடிச் சாயத்தின் அந்த இளநிறங்களின் வரிசை, அரிசோனாவின் சின்லி, வைட் ரூயின்ஸ் பகுதிகளில் 1920, 30களில் வளர்ந்த பாணி.

மஞ்சளுக்கு ராபிட்பிரஷ் என்ற புதரின் பூ. அதைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, படிகாரம் போட்டு, நனைத்த நூலை வேகவைப்பார்கள். ரோமத்தில் சாயத்தைப் பிடித்து நிறுத்துவது படிகாரம்தான். காட்டு வால்நட் தோலுக்கு அதுகூட வேண்டாம். பழுப்பு தானாகவே ஏறிவிடும்.

அப்புறம், செடிச் சாயம் இல்லையென்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். நியூ மெக்சிகோவின் டூ கிரே ஹில்ஸ் பகுதிக் கம்பளங்கள், கறுப்பைத் தவிர, பெரும்பாலும் சாயமே காணாதவை. நெசவின் நெருக்கத்தில் என் ஓட்டு அவற்றுக்குத்தான்.