கபடிக்குள் பெரிய நிறுவனங்களின் பணம் வந்தது நல்லதா, கெட்டதா?

கபடி மாதிரியான மண்ணின் விளையாட்டுகளில் நிறுவனங்களின் விளம்பரப் பணம் புகுந்தது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பத்து வருடம் கபடி ஆடினேன். முழங்கால் போன பிறகு, பொங்கலை ஒட்டி மின்னொளி கபடிப் போட்டி நடத்தும் ஊர்க் குழுவில் இருக்கிறேன். என் பதில் இதுதான்: பணம் வந்தது நல்லது. ஆனால் ஊர்க்காரர்களின் சின்னப் பணத்தை வெளியே தள்ளிவிட்டு அது உள்ளே வந்தால் ஆட்டத்துக்கே ஆபத்து.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2014இல் புரோ கபடி லீக் என்ற தொழில்முறைப் போட்டி தொடங்கியபோது, வீரர்களுக்கான முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போன ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12.80 லட்சம் ரூபாய். 2018இல் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார். 2023இல் பவன் செராவத் 2.60 கோடியைத் தாண்டினார். நாங்கள் ஆடிய காலத்தில், நன்றாக ஆடுகிறவனுடைய பெரிய கனவே ரயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைதான். அது அமையாதவன் இருபத்தைந்து வயதில் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பஸ் ஏறிவிடுவான். ஆட்டம் அத்தோடு சரி. எங்கள் மாவட்டத்துச் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்தும் லீக்கில் எதிராளியின் காலைப் பிடித்து மடக்கி ஆடியதை டிவியில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பணம் இல்லாமல் அது நடந்திருக்காது.

அதே பணம் எங்கே போகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2016இல் அந்த லீக்கோடு சேர்த்துப் பெண்களுக்கும் மூன்று அணிகளை வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள். ஒரே ஒரு சீசன். அடுத்த ஆண்டு, 2017இல், விவோ போன் நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 300 கோடி ரூபாய் கொடுத்து லீக்கின் பெயர் உரிமையை வாங்கியதாகச் செய்தி வந்தது. ஆண்கள் அணிகள் எட்டிலிருந்து பன்னிரண்டாயின. பெண்கள் போட்டி திரும்பி வரவில்லை. இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

இனி எங்கள் ஊர்க் கதை. எங்கள் போட்டி நோட்டீசில் கீழ்ப்பாதி முழுக்க உபயதாரர்கள் பெயராக இருக்கும். முதல் பரிசு சிங்கப்பூரில் இருக்கும் ஊர்ப் பையன்கள், சுழற்கோப்பை ஒருவர் தன் அப்பா நினைவாக, வீரர்கள் சாப்பாட்டுக்கு அரிசி ஒரு வீடு, வாழைத்தார் இன்னொரு வீடு. டீக்கடைப் பெரியவர் வருடம் தவறாமல் ஆட்ட நாயகனுக்கு ஓர் எவர்சில்வர் குடம் கொடுப்பார். குடத்தில் தன் பெயரை வெட்டி, இரண்டு நாள் கடை வாசலில் வைத்திருந்துவிட்டுத்தான் களத்துக்குக் கொண்டுவருவார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் வந்து மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டீசில் அவர்கள் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றார்கள், சரி என்றோம். 55 கிலோ எடைப் பிரிவுக்குக் கூட்டம் சேராது, வேண்டாம் என்றார்கள், அதற்கும் தலையாட்டினோம். ஒல்லிப் பையன்கள் ஆட்டம் பழகுவதே அந்தப் பிரிவில்தான் என்று எங்களில் ஒருவர்கூட எழுந்து சொல்லவில்லை. இரண்டு பொங்கல் தடபுடலாக நடந்தது. மூன்றாவது வருடம் அவர்கள் போனையே எடுக்கவில்லை.

பழையபடி ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். டீக்கடைப் பெரியவர் உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார், டீக்குக் காசு வாங்க மறுத்தார். "இரண்டு வருடமாக என் குடம் இல்லாமல்தானே தம்பி நடந்தது, இப்போதும் நடக்கும்" என்றார். அந்த வருடம் போட்டி நடக்கவில்லை. போனது நிறுவனத்தின் பணம் மட்டும் என்றால் சமாளித்திருப்போம். இது என் ஊர் ஆட்டம் என்று நினைத்துக் கொடுத்த கைகளை நாங்களே தட்டிவிட்டிருந்தோம். அவற்றை மறுபடி சேர்க்க நான்கு வருடம் ஆனது. இப்போது யார் வந்தாலும் மொத்தச் செலவில் கால் பங்குக்கு மேல் வாங்குவதில்லை. நோட்டீசில் எல்லா உபயதாரர் பெயரும் இருக்கும், எடைப் பிரிவைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஏதாவது நிறுவனம் உண்மையிலேயே கபடிக்குச் செய்ய நினைத்தால், ஒன்றியத்துக்கு ஒரு மேட், அதாவது கபடி ஆடும் விரிப்பு, வாங்கிப் போடட்டும். லீக் ஆட்டம் மேட்டில்தான் என்றான பிறகு, தேர்வுகளும் மேட்டுக்குப் போய்விட்டன. பையன்களோ இன்னும் மண்ணில் வெறுங்காலோடு பழகுகிறார்கள். எங்கள் குழுவின் நல்ல ரைடர் (பாடிப் போகிறவன்) ஒருவனைத் தேர்வுக்கு அழைத்துப் போனேன். அதற்கு முன் அவன் மேட்டில் கால் வைத்ததே இல்லை. இரவல் ஷூ, ஓர் அளவு பெரியது. உள்ளே இரண்டு சாக்ஸ் போட்டிருந்தான். முதல் ரைடிலேயே, கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டித் திரும்பும்போது ஷூ மேட்டைப் பிடித்துக்கொண்டது, கால் மட்டும் உள்ளே சுழன்றது. விழுந்தவன் எழுந்து நின்று, ஷூவைக் கழற்றிவிட்டு ஆடலாமா என்று நடுவரிடம் கேட்டான். அனுமதி கிடைக்கவில்லை.